ரெட்டைக்கை

அச்சகத்து ஆட்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பை. அதை யார் கொடுப்பது என்று வாசலிலேயே ஒரு சின்னத் தள்ளுமுள்ளு நடந்து, கடைசியில் அது போர்மேன் கையில் வந்து சேர்ந்தது. கதவைத் திறந்த இஸ்திரிக்காரி பையைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள், மழையில் ஊறிப்போயிருந்த செருப்புகளைப் பார்த்தாள்.

"செருப்பை வெளிய விடுங்க" என்றாள். 'வாங்க' என்று சொல்லவில்லை.

தெருக்கோடிச் சலவைக் கடையில் ஓட்டல் விரிப்புகளுக்கும் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கும் இஸ்திரி போடுகிறவள் அவள். பெட்டியைவிட அவள் நாக்குக்குத்தான் சூடு அதிகம் என்று கடையில் பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

வீடு இரண்டே அறை. முன்னறையில் கூரை ஒழுகி, பேசினில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவள் புருஷன், அச்சகத்துக் கட்டிங்காரர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட இடது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார். கட்டுக்குள் இரண்டு விரல்தான் முழுசாக இருந்தது. மற்ற மூன்றையும் மெஷின் வாங்கிக்கொண்டுவிட்டது.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆப்பிளின் அருமை விளங்காது. நோட்டுப் புத்தகம் போடுகிற அச்சகம் அது. தலையணை உயரத்துக்குத் தாளை அடுக்கி மெஷினுக்குள் தள்ளினால், மேலிருந்து ஒரு கத்தி இறங்கி வெண்ணெயை வெட்டுவதுபோல வெட்டிவிட்டு ஏறிக்கொள்ளும். தாள் எது, விரல் எது என்று கத்திக்குத் தெரியாது. அதனால் மெஷினைச் செய்தவன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். மேஜையின் முன் விளிம்பில் இந்தக் கோடியில் ஒரு பட்டன், அந்தக் கோடியில் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால், கத்திக்கு அடியில் வைக்க மூன்றாவது கை எவனுக்கும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

செய்தவன் கெட்டிக்காரன். ஓட்டுகிறவர்கள் அவனுக்கு அப்பன்கள். இடது பட்டன் மேல் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து டேப்பால் இறுக்கிவிட்டால் அது எந்நேரமும் அமுங்கியே கிடக்கும். அப்புறம் வலது கை பட்டனில், இடது கை தாளைத் தட்டி நேராக்க. வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். முதலில் யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவனுக்கு மெஷின் ஓட்டச் சொல்லித் தரும்போதே அட்டை வைக்கவும் சொல்லித் தந்துவிடுவார்கள். அதைத் தப்பு என்று நினைக்கக்கூட யாருக்கும் நேரம் இருந்ததில்லை. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். அந்தப் போக்கில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

கட்டிங்காரர் ஒருத்தர்தான் அட்டை வைக்கவில்லை. தன் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது டேப்பைக் கிழித்து, அட்டையை எடுத்து ஓரமாக வைப்பார். அடுத்த ஷிப்ட்காரன் வந்ததும் அதே அட்டையைத் திரும்ப வைத்துச் சுற்றிக்கொள்வான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அதற்காக அவரை மன்னித்தவன் அங்கே ஒருத்தனும் இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனை மன்னித்தார்கள். தாள் கட்டைத் திருடி விற்றவனை மன்னித்தார்கள். தம்பி பெண்டாட்டியோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஊர் நிலவரம் விசாரித்தார்கள். ஒழுங்காக மெஷின் ஓட்டினவனை மட்டும் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. ரெட்டைக்கை என்று பேர் வைத்தார்கள். "ரெட்டைக்கை வர்றாரு, மூக்கு சொறியறதுன்னாலும் ரெண்டு கையால சொறிங்கடா" என்பார்கள். அச்சகத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அழைப்பிதழ்களை ஓரம் பிசகாமல் வெட்டித் தருகிறவர் அவர்தான். அதில் ஒன்றாவது அவர் பேருக்கு வந்ததில்லை. இவர் ஒரு ஆள் இரண்டு கையால் ஓட்டினால் மற்றவர்கள் எல்லாம் தப்பாக ஓட்டுகிறார்கள் என்று ஆகிவிடுகிறதே, அந்த வயிற்றெரிச்சல்தான். நிர்வாண ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது அந்த ஊர்தான் ஆப்பிள் பையோடு வந்து உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது.

"எப்படிய்யா இருக்கே? வலி எப்படி?" என்றார் போர்மேன்.

"பரவாயில்லண்ணே."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"போன விரல் வராதுன்னு சொல்றாரு" என்றாள் இஸ்திரிக்காரி.

போர்மேன் செருமிக்கொண்டார். ஐந்து பேரும் பேசினில் விழுகிற சொட்டைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பைண்டிங்காரர் மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணே, தூக்கம் வருதா?" என்று கேட்டார். பல வருஷமாகச் சுவரைப் பகிர்ந்துகொண்ட மனுஷன். இத்தனை நாளில் 'அண்ணே' என்ற வார்த்தை அன்றுதான் அவர் வாயில் வந்தது. கட்டிங்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விசாரணைக்கு நாளன்னிக்கு கவர்மென்ட் ஆபீசர் வர்றாரு" என்று போர்மேன் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அதானே. மழையில ஆறு பேரு ஆப்பிளோட வந்தப்பவே நெனச்சேன்."

"இல்லம்மா, இவர் ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். ஏன்யா, அன்னிக்கு அட்டை வச்ச மெஷினை ஓட்டினது நீதானே?"

"ஆமாண்ணே."

"அவ்வளவுதான். அதைச் சொன்னாப் போதும். மத்ததையெல்லாம் எதுக்கு இழுக்கணும்?"

"மத்ததுன்னா?" என்றாள் அவள். "வருஷக் கணக்கா நீங்க எல்லாரும் அட்டை வச்சு ஓட்டினீங்களே, அதா?"

அடுத்த ஷிப்ட் கட்டிங்காரன் ஒருத்தன் இருந்தான். வேகத்துக்காக அவனைப் புயல் என்பார்கள். அவன் சிரித்தபடி, "அக்கா, இது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். ரெண்டு கையால அமுக்கிட்டு உக்காந்திருந்தா, பிள்ளைங்க பாஸாகி வெளிய வந்தப்புறம்தான் நோட்டு போய்ச் சேரும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கட்டிங்காரரும் சிரித்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்படின்னா அதையே ஆபீசர்கிட்ட சொல்லு தம்பி. அவரும் சிரிக்கட்டும்."

"கோவப்படாதம்மா" என்றார் போர்மேன். "எல்லாரும் வச்சோம்னு சொன்னா மெஷினுக்கு சீல் வச்சுடுவாரு. ஸ்கூல் தொறக்கிற நேரம். நாப்பது குடும்பம் பட்டினி கெடக்கும். இவர் ஒருத்தர் நான்தான்னு சொல்லிட்டா எல்லார் வயிறும் நெறையும். முதலாளியும் சும்மா விட்டுட மாட்டாரு. கேட்ல வேலை போட்டுத் தர்றேன்னு வாயாலயே சொல்லிட்டாரு. நாற்காலியில உக்காந்து வர்றவன் போறவனைப் பாக்கிற வேலை. ராஜா மாதிரி."

"நீங்க சொல்றீங்களா, அவர் சொன்னாரா?"

"அவர் சொல்லித்தான் நான் சொல்றேன்."

அவளுக்கு வேறு ஒரு சங்கதி தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், தன் அண்ணனுக்கும் இப்படி ஆனதென்று சொல்லி, ஒரு வார்த்தை காதில் போட்டிருந்தாள். அந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்று தெரிந்தால் பொறுப்பு முதலாளியுடையது. கை போனவனுக்கு ஏற்ற வேலை கொடுத்து முதலாளி வைத்துக்கொண்டே ஆக வேண்டும். இவர் ஒருத்தர் தானாகச் செய்த தப்பு என்று எழுதிவிட்டால், நாளைக்கே வெளியே போ என்று சொல்லலாம், கேட்க நாதி இல்லை. விரல் போன கட்டிங்காரரை வேறு எந்த அச்சகமும் வாசலில்கூட நிற்க விடாது. இவள் இஸ்திரி போட்டு வருகிறது வாடகைக்குச் சரியாகப் போகும். ஆக, அந்த ஆபீசர் முன்னால் இவர் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையில்தான் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

டீ கொடுக்காமலே அனுப்பினாள். போகும்போது அவர்கள் ஒவ்வொருத்தராக வந்து அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஆறு கையையும் அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்து, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்து அவர் வலது பக்கமாக நகர்த்தினாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் கேட்க மனசு வராமல் இருந்ததைக் கேட்டாள்.

"இத்தனை வருஷம் எடுத்தீங்க. அன்னிக்கு ஏங்க அந்த அட்டையை எடுக்காம விட்டீங்க?"

அவர் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தார்.

"மழையில தாளெல்லாம் ஈரம் இழுத்துக்கிச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, ஓரம் சுருளுது. தட்டித் தட்டித்தான் நேராக்கணும். வேலை மலையாக் கெடந்துச்சு. நான் போறப்ப எல்லாரும் மெஷினைச் சுத்தி நிக்கிறாங்க. டேப்பைக் கிழிக்கக் கை வச்சேன். 'இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷனா இருய்யா'ன்னாரு போர்மேன்."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா எடுத்திருப்பேன். திட்டுதான் பழகிப்போச்சே. கெஞ்சின மாதிரி இருந்துச்சு. கையை எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒத்தைக் கையில ஓட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. புயல் விசில் அடிச்சான். பைண்டிங்காரரு வந்து தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னாரு. ஒருத்தன் பன்னு வாங்கிட்டு வந்து வாயிலயே ஊட்டி விட்டான், எனக்கு வேலையில கை ஓயலன்னு. ஒரே சிரிப்பு." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரொம்ப லேசா இருந்துச்சு."

"எது லேசா இருந்துச்சு? மெஷினா?"

"எல்லாமும்தான்."

மத்தியானம் வரைக்கும் அந்த லேசு நீடித்திருக்கிறது. தப்புச் செய்யவும் பழக்கம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு வலது கை அமுக்குவதற்கும் இடது கை விலகுவதற்கும் உள்ள கண் இமைக்கும் நேரம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. திருடனுக்குச் சுவர் ஏறத் தெரிகிற மாதிரி. இவர் கை இத்தனை காலம் பட்டனிலேயே இருந்து பழகினது. பத்திரமான இடத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கத்திக்கு அடியில் சாவகாசமாகத் தாளைத் தட்டிக்கொண்டிருந்தது. கூடச் சிரித்தவர்கள் பயந்துபோய் வெளியே ஓடினார்கள். துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது எதிர் டீக்கடைக்காரர்.

"ஒரு வேளைச் சிரிப்புக்கு மூணு விரலா?" என்றாள். அழுகை வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். "தூ, அவனுங்க மூஞ்சியில விளக்குமாத்தை வச்சுச் சாத்தணும். நாளன்னிக்கு ஆபீசர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எல்லாரும் வைப்பாங்க, நான் ஒருத்தன்தான் வைக்க மாட்டேன், அன்னிக்கு அவங்க சொல்லி விட்டுட்டேன். இவ்வளவுதான். சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

சொன்னால் சொன்னதுதான் அவர். அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் அவருடைய மற்ற அசட்டுத்தனத்தையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். அதனால் நம்பினாள்.

மறுநாள் எதிர்வீட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். தம்பி கையைத் தொட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும், மனசில் இருந்தது வெளியே வந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே நீ தனி வழி. நாடு ஓடினா நடுவுல ஓடணும்டா தம்பி. நான் சொன்னா நீ எங்க கேட்ட?"

"நடுவுல ஓடினதுக்குத்தான் மூணு விரல் போச்சு" என்றாள் இஸ்திரிக்காரி. "ஓரமா நடந்துட்டிருந்த வரைக்கும் பத்தும் பத்திரமா இருந்துச்சு."

"உனக்கு எல்லாம் ஏட்டிக்குப் போட்டிதான். நாளைக்கு இவன் போய் எல்லாரையும் காட்டிக் கொடுத்துட்டா இந்தத் தெருவுல நாம தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? தண்ணி பிடிக்கிற இடத்துல ஒருத்தி முகம் கொடுப்பாளா?"

"இப்ப மட்டும் என்ன கொடுக்கறாளுங்க? பைண்டிங்காரர் பெண்டாட்டி என் பெட்டியை இரவல் வாங்கினா, அதைக்கூடப் பிள்ளைகிட்ட கொடுத்துத்தான் திருப்பி அனுப்புவா. அவ முகத்தை வச்சு நான் என்ன பண்ண? விரிப்பா, இஸ்திரி போட?"

"பேசு, பேசு. ஊர் வாயை மூடப் போறியா நீ?"

"என் வாயைத் தொறந்தாப் போதும் எனக்கு."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி ஒழுகுகிற கூரையைப் பார்த்தார். அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு மாடி ஏறிப்போனாள்.

ஆபீசர் வருகிற அன்றும் மழை விடவில்லை. இஸ்திரிக்காரி கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, அவருடைய வெள்ளைச் சட்டையை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி தேய்த்தாள். இடது கைப் பக்கத்தை முழங்கை வரை மடித்துவிட்டு, பட்டன்களைப் போட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அச்சகம் நெருங்கினதும் அவர் நடை வேகமாயிற்று. அதை அவள் கவனித்தாள்.

அச்சகம் குளித்துப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. தரை கழுவியிருந்தார்கள். எல்லோரும் துவைத்த சட்டை. இடது பட்டனைச் சுற்றி டேப் பிசுபிசுப்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள், வாடை இன்னும் போகவில்லை. 'பாதுகாப்பே முதல் கடமை' என்ற பலகை சுவரில் ஏறியிருந்தது. இத்தனை நாளும் அது டீத் தட்டாக இருந்ததால் 'கடமை' மேல் கிளாஸ் வைத்த வட்டங்கள் தெரிந்தன. முதலாளி கைகட்டி நின்றார். அவர் கைகட்டி நிற்பதைப் பார்த்ததும் மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

ஆபீசர் குடையை உதறி மூலையில் வைத்துவிட்டு, மெஷினைச் சுற்றி வந்தார்.

"நம்ம இடத்துல இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு சார்" என்றார் போர்மேன். "ரெண்டு கையும் பட்டன்ல இல்லாம யாரும் மெஷினைத் தொடக்கூட மாட்டாங்க. இவர் அன்னிக்கு ஏதோ அவசரத்துல…"

"யாராவது ஓட்டிக் காட்டுங்க" என்றார் ஆபீசர்.

போர்மேன் புயலைப் பார்த்தார். புயல் கம்பீரமாக முன்னால் வந்தான். தாள் கட்டை எடுத்தான், மேஜையில் தட்டி நேராக்கினான், உள்ளே தள்ளினான். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இடது கை தாளின் மேல் போய் உட்கார்ந்தது. வலது கை பட்டனை அமுக்கியது.

கத்தி அசையவில்லை.

திரும்ப அமுக்கினான். இன்னும் பலமாக அமுக்கினான். இடது கை தாளை விட்டு வரவே இல்லை. அந்தக் கைக்குப் போக வேறு இடம் உண்டென்றே அதற்குத் தெரியாது.

"கரண்ட் போயிடுச்சு போல சார்" என்றான் புயல்.

அவன் தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

போர்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தக் கை, அந்தக் கை" என்று முணுமுணுத்தார். புயல் தன் இடது கையைப் பார்த்தான், அப்போதுதான் அந்தப் பக்கத்துப் பட்டன் ஞாபகத்துக்கு வந்து, தாவிப்போய் இரண்டையும் அமுக்கினான். கத்தி இறங்கி ஏறியது. இஸ்திரிக்காரிக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டித் தூக்கி நிறுத்திவிட்டு, சொந்தக் கைக்குச் சொல்லி வைக்க மறந்துபோன முட்டாள்கள்.

ஆபீசர் முட்டாள் இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. மழை வலுக்கிறதா என்று வாசலை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கட்டிங்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இங்க எல்லாரும் அட்டை வச்சுத்தான் ஓட்டுவாங்களா? பயப்படாதீங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதப் போறேன்."

இஸ்திரிக்காரி நிம்மதியாக மூச்சு விட்டாள். இனி இவர் ஒன்றும் கஷ்டப்பட வேண்டாம். 'ஆமா' என்று ஒரு சொல். மெஷினே சாட்சி சொல்லி முடித்துவிட்டது.

கட்டிங்காரர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை கண்ணும் அவர் மேல் இருந்தது. கேலியாகப் பார்க்கிற கண் ஒன்றுகூட இல்லை. புயல் கிட்டத்தட்ட அழுதுவிடுவான் போல நின்றான். இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் அவர் தேவைப்பட்டது அவர் ஆயுசில் முதல் தடவை.

"இல்ல சார்" என்றார். "நான் மட்டும்தான்."

"என்னங்க!" என்றாள் அவள்.

"இந்தத் தம்பிமேல தப்பில்ல சார். ஆபீசர் முன்னால நிக்கறோமேன்னு பதட்டம். எப்பவும் ரெண்டு கையாலதான் ஓட்டுவான். எல்லாருமே அப்படித்தான். நான்தான் சொன்னாக் கேக்க மாட்டேன்." சரளமாக வந்தது. பொய் சொல்லியே பழகாத மனுஷன், இதைச் சொல்லும்போது ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"சார், இவர் பொய் சொல்றார். இவர் ஒருத்தர்தான் சார் வைக்காம ஓட்டினது. இவருக்கு இங்க பேரே ரெட்டைக்கைதான், யாரை வேணா கேளுங்க."

ஆபீசர் யாரை வேண்டுமானாலும் கேட்டார். பைண்டிங்காரரைக் கேட்டார். "அப்படி ஒரு பேரு நான் கேள்விப்பட்டதில்ல சார்" என்றார் பைண்டிங்காரர், சுவரைப் பகிர்ந்துகொண்ட மனுஷன்.

"அம்மா, கை போனவரே சொல்றாரு, நான் என்ன செய்ய?" என்றார் ஆபீசர். அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. வருத்தத்தோடு எழுதினார். வருத்தத்தோடு முதலாளி கொடுத்த டீயைக் குடித்தார். மழை சற்று விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனார்.

ஆபீசர் வண்டி தெரு முனை திரும்பினதுதான் தாமதம், அச்சகமே கட்டிங்காரர் மேல் விழுந்தது. புயல் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நம்மாளுய்யா நீ, நம்மாளு!" என்று போர்மேன் முதுகில் தட்டினார். தாள் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு, மேலே ஒரு காகிதத்தை விரித்து, "உக்காருங்கண்ணே" என்று உட்கார வைத்தார்கள். டீ வந்தது. பன் வந்தது. அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் அவர்கள்.

அந்தச் சந்தடியில்தான் முதலாளி வந்தார். இஸ்திரிக்காரி பக்கமாக நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"இன்னையோட இவர் வரவேண்டாம்மா. சேர வேண்டியதை நாளைக்கு ஆபீஸ்ல வந்து வாங்கிக்கச் சொல்லு."

"கேட்ல வேலைன்னு சொல்லி அனுப்பினீங்களே?"

"யாரு, போர்மேனா? அவர் பாவப்பட்டு ஏதாவது சொல்லியிருப்பாரு. ஆபீசர் எழுதிட்டுப் போயிட்டாரே, இவரா விதியை மீறினாருன்னு. அப்படிப்பட்டவரை நான் திரும்ப வேலைக்கு வச்சா என்னைக் கேள்வி கேப்பாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

சட்டம் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததும் அவள் போர்மேனைப் பார்த்தாள். போர்மேன் வெளியே மழையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பைண்டிங்காரர் டீயில் விழாத தூசியை எடுத்துக்கொண்டிருந்தார். "ஐயோ" என்று சொல்லக்கூட ஒருத்தனுக்கு நாக்கு எழவில்லை. ஆப்பிள் வாங்க ஆறு பேர் சேர்ந்தார்கள். இதற்கு அரை ஆள் சேரவில்லை.

"நல்லாக் குடிங்கய்யா" என்றாள். "சூடு ஆறிடப் போகுது. என் புருஷன் விரலையும் தொட்டுக்கிட்டுக் குடிங்க."

மூலையில் புயல் குனிந்து, பழைய அட்டை போய்விட்டதால் புது அட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"வேலை போச்சு. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப கெளம்புங்க."

அவர் வலது கையில் டீ கிளாஸ் இருந்தது. கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. பக்கத்தில் இருந்தவனின் தோள் அவர் தோளோடு ஒட்டியிருந்தது. அந்தத் தோளை விட்டு நகர அவருக்கு மனசு வரவில்லை.

"இரும்மா" என்றார், கெஞ்சுகிற மாதிரி. "இப்பதானே உக்காரச் சொன்னாங்க."

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் திட்ட அவளிடம் எப்போதும் வார்த்தை கைவசம் இருக்கும். அவரைத் திட்ட மட்டும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகை வந்தது. இந்த ஆட்களுக்கு முன்னால் அழுவதைவிட நனைந்து சாகலாம் என்று வாசலுக்கு வந்து, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள். உள்ளே கட்டிங் மெஷின் ஓட ஆரம்பித்தது. எவனோ என்னவோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, கொஞ்சம் பிந்தி, அவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.